கிறிஸ்துமஸ் விடுமுறையில் குடும்பத்தோடு வெளிநாடு போதல்: உத்திரமேரூர்க் கல்வெட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

உத்திரமேரூரைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் எல்லாரும் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் போய் முட்டிக்கொள்வது மரபு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-இலும் பிறகு 921-இலும், இவ்வூர்ச் சபையார் கூடி வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் விதிகளை அங்கே கல்லில் வெட்டி வைத்தார்கள். யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது, சீட்டை யார் எடுப்பது, எடுத்த சீட்டைக் கையில் எப்படி வாங்குவது என்பதுவரை அதில் இருக்கிறது. 2020 டிசம்பர் 10 அன்று தில்லியில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர் தம் உரையில் இந்தக் கல்வெட்டைச் சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் பஸ் நிலையத்து டீக்கடையில் ஜனநாயகத்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேசாமல் கிளாஸைக் கீழே வைக்கிற ஆள் குறைந்துபோனார்.

அந்தக் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு வீட்டில், கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு எந்த ஊருக்குப் போவது என்பதை மட்டும் முடிவு செய்ய முடியவில்லை. ஆயிரத்து நூறு ஆண்டு ஆட்சி அனுபவம் அடுத்த தெருவிலேயே கிடந்தும் ஏன் முடியவில்லை? வரலாற்றறிஞர்கள் இக்கேள்வியைத் தொட்டதாகத் தெரியவில்லை, பராந்தகனோடு நின்றுவிட்டார்கள். அந்தக் குறையைத் தீர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட குடும்பம் ஆய்வாளரின் சொந்தக் குடும்பம். இதனால் நடுநிலை கெடும் என்று கருதுவோர் தங்கள் வீட்டில் இதே பேச்சை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம்.

எல்லை வகுத்தல்

எது வெளிநாடு என்பதற்குப் பூகோளப் புத்தகம் உதவாது. திரும்பி வந்தபின் ஒரு கல்யாணப் பந்தியில் "நாங்க அங்க போயிருந்தப்ப" என்று ஆரம்பித்தால், பக்கத்து இலைக்காரரின் கை ஒரு நொடியாவது சாம்பாரில் நிற்க வேண்டும். நின்றால் அது வெளிநாடு. இந்த அளவுகோலில் கொழும்பு தேறவில்லை. சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் போய் இறங்கிவிடலாம் என்று ஆய்வாளர் சொன்னது அதற்கு எதிரான சாட்சியமாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. "நம்ம ஊர்லருந்து கோயம்பேடு போற நேரம்கூட ஆவாது. அது இன்னா வெளிநாடு?" என்று பெரியப்பா கேட்டார். கொழும்பு அத்தோடு முடிந்தது.

அடுத்து, குடும்பம் என்றால் யார்? வீட்டில் இருப்பவர்கள் தாத்தா, ஆயா, பெரியப்பா, பெரியம்மா, ஆய்வாளர். குரோம்பேட்டையில் வாடகைக்கு இருக்கும் சித்தப்பா, சித்தி, அவர்கள் பிள்ளைகள் இரண்டு பேர். செங்கல்பட்டில் அத்தை, மாமா, அவர்கள் பெண். பெரியப்பாவின் மருமகன் குடும்பத்தில் சேர்த்தியா இல்லையா என்பது ஊருக்கு ஊர், வேளைக்கு வேளை மாறும். பணம் போடும் கட்டத்தில் அவர் குடும்பம். ஊர் தேர்வு செய்யும் கட்டத்தில் விருந்தாளி.

காலம்

இந்த வீட்டில் யாரும் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் அல்ல. அப்படியிருக்க ஏன் கிறிஸ்துமஸ்? அரையாண்டுத் தேர்வு டிசம்பர் 23 வாக்கில் முடிகிறது, பள்ளி புத்தாண்டுக்குப் பிறகு திறக்கிறது, அதனால் என்று எல்லாரும் சொல்வார்கள். மேம்போக்கான விடை அது. விடுமுறைதான் காரணம் என்றால் மே மாதத்தில் இதைவிட நீண்ட விடுமுறை இருக்கிறதே, அப்போது ஏன் யாரும் கிளம்பவில்லை?

காரணம் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. சித்திரையும் வைகாசியும் முகூர்த்த மாதங்கள். அந்த நாட்களில் ஊரில் இல்லாமல் போவது என்பது, நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதியவர்களுக்கு எதிராக வெளிப்படையாகப் போர் தொடுப்பது. ஆடியில் அம்மனுக்குக் கூழ் வார்க்க வேண்டும். ஆவணியில் மறுபடி முகூர்த்தம். புரட்டாசி சனிக்கிழமை, ஐப்பசியில் தீபாவளி, கார்த்திகையில் முகூர்த்தமும் மழையும். தை பிறந்தால் பொங்கல், அறுவடை, பத்திரிகைக் கட்டு. எஞ்சுவது மார்கழி ஒன்றே. அந்த மாதத்தில் கல்யாணம் கிடையாது, கிரகப்பிரவேசம் கிடையாது, நிச்சயதார்த்தம்கூடக் கிடையாது. யார் மனதையும் புண்படுத்தாமல் ஒரு தமிழ்க் குடும்பம் ஒட்டுமொத்தமாக ஊரை விட்டு வெளியேறக்கூடிய ஒரே மாதம் அது. ஏசுநாதர் பிறந்த நாள் அதற்குள் வந்து விழுந்தது நமது நல்லகாலம். டிசம்பர் கடைசியில் மீனம்பாக்கத்தில் நிற்கும் கூட்டத்தில் பாதிக்கு மார்கழி மாதமே பொறுப்பு என்பது ஆய்வாளரின் துணிபு.

மார்கழிக்கென்று சில தொந்தரவுகளும் உண்டு. வைகுண்ட ஏகாதசி திதியைப் பார்த்து வருவதால் ஆங்கிலத் தேதியில் ஓரிடத்தில் நிற்காது. 2023-இல் டிசம்பர் 23-இல் வந்தது. 2024-இல் வரவே இல்லை. விட்டதைப் பிடிப்பதுபோல 2025-இல் ஜனவரி 10, டிசம்பர் 30 என்று இரண்டு முறை வந்தது. அந்த டிசம்பரைத்தான் எங்கள் குடும்பம் பயணத்துக்குக் குறித்து வைத்திருந்தது.

"சொர்க்கவாசல் தெறக்கிற அன்னிக்கு நான் ஏரோபிளேன்லயா குந்தியிருக்கணும்?" என்றார் ஆயா.

"அதுவும் மேலதான போவுது" என்றார் தாத்தா.

இந்தப் பதிலுக்குப் பிறகு இருவரும் அன்று முழுவதும் பேசிக்கொள்ளவில்லை. டிசம்பர் 29-க்குள் வீடு திரும்புவது என்று மூன்றாம் தரப்பின் சமரசத்தில் முடிவாயிற்று. ஆய்வில் கிடைத்த முதல் உறுதியான தேதி இதுதான். எந்த ஊருக்குப் போவது என்று தெரிவதற்கு முன்பே எந்த நாளில் திரும்புவது என்று தெரிந்துவிட்டது.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஏரி நிரம்பிக் கலங்கல் ஓடும் காலமும் சம்பா கதிர் வைக்கும் காலமும் ஏறக்குறைய இதுவே. 2023 டிசம்பர் 4-இல் மிக்ஜாம் புயலின்போது சென்னை விமான நிலைய ஓடுபாதையில் தண்ணீர் ஏறி விமானங்கள் நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து பெரியம்மாவுக்கு விமானத்தை விடப் படகின் மேல் நம்பிக்கை அதிகம். மழைக்குத் தப்பி வேறெங்காவது போகலாம் என்பது சித்தியின் வாதம். அவர் மனதில் இருந்தது சிங்கப்பூர். சிங்கப்பூரில் ஆண்டிலேயே அதிகமாக மழை பெய்யும் மாதம் டிசம்பர். இங்கே பெய்யும் அதே வடகிழக்குப் பருவமழை அங்கேயும் பெய்கிறது. நனைவதற்கு இரண்டரை மணி நேரம் முன்கூட்டியே கடிகாரத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

விதிகளைப் பொருத்திப் பார்த்தல்

இனி மூலச் சான்றுக்கு வருவோம். 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி வாரியத்துக்கு நிற்பவருக்குக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். வேதப் பயிற்சி வேண்டும். முந்தைய மூன்றாண்டுகளில் எந்த வாரியத்திலும் இருந்திருக்கக் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் நிற்கக் கூடாது.

வயது விதியை எங்கள் வீட்டில் வைத்துப் பார்த்தேன். கீழ்வரம்பில் பிள்ளைகள் கழிகிறார்கள். மேல்வரம்பில் தாத்தாவும் ஆயாவும் கழிகிறார்கள். அதாவது, போக வேண்டும் என்று அழுகிறவர்களும், போகக் கூடாது என்று தடுக்கிறவர்களும் ஒரே வெட்டில் வெளியே. மிஞ்சுகிறவர்கள் பணம் கட்டுகிறவர்கள். அவர்களுக்கு இந்த வீட்டில் எக்காலத்திலும் வாக்குரிமை இருந்ததாகச் சான்று இல்லை.

சொந்த மனை விதி இதைவிட ஆபத்தானது. சித்தப்பா வாடகை வீட்டுக்காரர், ஆகவே தகுதியில்லை. ஆனால் டிக்கெட் எடுக்கும் கிரெடிட் கார்டு அவருடையது. இந்த விதியை அப்படியே அமல்படுத்தினால் ஊரைத் தேர்ந்தெடுக்கும் சபை ஓரிடத்திலும் பணம் இன்னோரிடத்திலும் இருக்கும். சோழர் காலத்துச் சபைக்கு இந்தச் சிக்கல் இல்லை. வாடகைக்கு இருந்தவர் யாரும் சபைக்காக விமான டிக்கெட் எடுக்கவில்லை.

மூன்றாண்டு விதி எங்கள் வீட்டில் தலைகீழாக நடப்பில் இருக்கிறது. ஒருமுறை ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர் ஆயுள் முழுதும் டிக்கெட் எடுப்பவர். ஆய்வாளர் கல்லூரியில் படிக்கும்போது ஒரு முறை எடுத்தார். இன்றும் அவரே.

கல்வெட்டில் பெண்களுக்கு இடமே இல்லை. இதை எங்கள் கூடத்தில் உரக்க வாசித்தபோது அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. அந்தப் பகுதியை ஆய்வாளர் மேற்கொண்டு வாசிக்கவில்லை.

எல்லாவற்றிலும் செறிவானது கணக்கு விதி. கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினர்களும் நிற்கக் கூடாது என்று கல்வெட்டு சொல்கிறது. யார் யார் என்று பட்டியலும் தருகிறது. சிற்றன்னை பெரியன்னை பிள்ளைகள், அத்தை மகன், மாமன் மகன், தாயோடு பிறந்தவன், தகப்பனோடு பிறந்தவன், தன்னோடு பிறந்தவன், மாமனார், மைத்துனன், சகோதரியின் கணவன், சகோதரியின் பிள்ளை, மருமகன், தகப்பன், மகன். சபையார் உறவுமுறையை எவ்வளவு கசந்து அனுபவித்திருந்தால் இப்படி ஒருவர் விடாமல் எழுதியிருப்பார்கள் என்று ஆய்வாளர் அந்தச் சுவரின் முன்னால் நின்று வியந்ததுண்டு.

இப்போது எங்கள் வீடு. சில ஆண்டுகளுக்கு முன் கொடைக்கானலுக்கு வேன் பிடித்துப் போனோம். ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிச் செலவழித்தவர் பெரியப்பா. டீசல், டோல், டிரைவர் பேட்டா, ஒட்டன்சத்திரத்தில் சாப்பிட்ட சாப்பாடு ஆகியவற்றின் கணக்கு இன்றுவரை சபைமுன் வைக்கப்படவில்லை. கேட்டால், "டைரில எழுதி வச்சிருக்கேன்" என்பார். டைரி எங்கே என்பது தனி ஆய்வுக்குரியது. ஆகவே 921-ஆம் ஆண்டு விதிப்படி பெரியப்பா தகுதியிழக்கிறார். அவரோடு அவர் தகப்பனான தாத்தா, தம்பியான சித்தப்பா, சகோதரியின் கணவரான மாமா, மருமகன் எல்லாரும் தகுதியிழக்கிறார்கள். தம்பி மகன் பட்டியலில் தெளிவாக இல்லை என்று ஆய்வாளர் தமக்காக ஒரு வாதம் வைத்திருக்கிறார். அதையும் ஒதுக்கிவிட்டால், எங்கள் வீட்டில் ஊர் தேர்ந்தெடுக்கும் முழுத் தகுதி பெற்ற ஒரே ஆண்மகன் மாடியில் குடியிருக்கும் வாடகைக்காரர். அவரும் சொந்த மனை விதியில் அடிபடுகிறார்.

கோளாறு எங்கே இருக்கிறது என்பது இங்கே புலப்படுகிறது. கூடி முடிவெடுக்க வேண்டுமானால் முதலில் உறவினர்களை விலக்க வேண்டும் என்பதைச் சபையார் கண்டுகொண்டார்கள். குடும்பம் என்பதோ உறவினர்களால் மட்டுமே ஆனது. விலக்கினால் ஆள் இல்லை. விலக்காவிட்டால் முடிவு இல்லை.

சொம்புப் பரிசோதனை

இருந்தாலும் முறையைச் செயலில் சோதிக்காமல் விடுவது ஆய்வு நெறியாகாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, எல்லாரும் கூடத்தில் இருந்த வேளையில் குடவோலை நடத்தப்பட்டது. குடத்துக்குப் பதில் எவர்சில்வர் சொம்பு. ஓலைக்குப் பதில், கிழித்துப் போட்டு அடுக்கி வைத்திருந்த தினசரி காலண்டர் தாள். ஆளுக்கொரு தாளில் போக விரும்பும் ஊரை எழுதி மடித்துப் போட வேண்டும்.

கல்வெட்டில், அங்கிருக்கும் கோயில் அர்ச்சகர்களான நம்பிமாரில் மூத்தவர் குடத்தை எல்லாரும் காணும்படி மேல்நோக்கித் தூக்கிப் பிடிக்க வேண்டும். தாத்தா தூக்கினார். தூக்கியவர், கழுத்து பிடித்துக்கொண்டது என்று இறக்கிவிட்டார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் சீட்டெடுக்க வேண்டும். சித்தப்பாவின் இளைய மகன் எல்.கே.ஜி. படிக்கிறான், பொருத்தமானவன் என்று அழைத்தோம். அவன் சொம்புக்குள் கையை விடுமுன், "டிஸ்னிலேண்ட் எந்தச் சீட்டுப்பா?" என்று கேட்டான். பராந்தகன் காலத்துச் சிறுவனுக்கும் இன்றைய சிறுவனுக்கும் இடையில் யூடியூப் நிற்கிறது.

முதல் சீட்டு: திருப்பதி. எழுதியது யார் என்று கேட்கத் தேவை இருக்கவில்லை. அது வெளிநாடு அல்ல என்று ஆட்சேபம் எழுந்தது. "வேற ஸ்டேட்டுதான? அங்க வேற பாஷதான?" என்று ஆயா வாதிட்டார். சபை ஏற்கவில்லை.

இரண்டாம் சீட்டு வெற்றுத் தாள். பெரியப்பா நடுநிலை வகித்திருந்தார்.

மூன்றாம் சீட்டில், "நீங்க எல்லாம் எங்கனா போயிட்டு வாங்க, நான் வீட்ல கொஞ்சம் படுக்கறேன்" என்று இருந்தது. கூடத்தில் யாரும் பேசவில்லை. பெரியம்மா எழுந்து போய் டீ போட்டார். வந்த சீட்டுகளிலேயே சிந்தித்து எழுதப்பட்டது இது ஒன்றுதான் என்பது ஆய்வாளரின் கருத்து. சபை அதைச் செல்லாச் சீட்டு என்று தள்ளிவிட்டது.

நான்காம் சீட்டு: பாங்காக். அத்தை அந்தத் தாளை வாங்கி, எழுத்தைப் பார்த்து, மாமாவையும் பார்த்தார். மாமா மின்விசிறியைப் பார்த்தார். தாய்லாந்துக்கு இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்ற செய்தியை ஆய்வாளர் எடுத்துச் சொல்ல முயன்றது அவருக்கு உதவவில்லை.

அதோடு பரிசோதனை நின்றது. சொம்பு கழுவப்பட்டு மோருக்குப் போயிற்று. உத்திரமேரூர்ச் சபையும் ஒரே தடவையில் சரியான விதியைப் பிடித்துவிடவில்லை என்பதை இங்கே ஆறுதலாகக் குறிப்பிடலாம். 919-இல் தத்தனூர் மூவேந்தவேளான் முன்னிலையில் எழுதியதை, 921-இல் சோமாசிப்பெருமான் முன்னிலையில் திருத்தினார்கள். 30 முதல் 60 என்று இருந்த வயது, 35 முதல் 70 என்று மாறியது. அவர்களுக்கு இரண்டு ஆண்டு ஆயிற்று. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் விதி மாற இரண்டு மணி நேரம்.

கழித்தல் முறை

பிறகு நடந்ததைத் தேர்தல் என்று சொல்ல முடியாது; கழித்தல் என்று சொல்லலாம். யாரும் ஓர் ஊரை முன்மொழியவில்லை. ஒருவர் ஊர்ப் பெயரைச் சொல்ல, மற்றவர் அதற்கு ஒரு குறை சொல்ல, ஊர்கள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன.

பாரிஸ் விழுந்தது. ஷெங்கன் விசாவுக்குப் பெரியவர் ஒருவருக்கு 90 யூரோ, அதோடு வங்கிக் கணக்கு விவரம் என்றதும், வங்கிக் கணக்கைப் பிறர் பார்ப்பதில் பெரியப்பாவுக்கு இருக்கும் கொள்கை வேறுபாடு வெளிப்பட்டது. லண்டன் இன்னும் வேகமாக விழுந்தது. டிசம்பர் 25 அன்று லண்டனில் பாதாள ரயிலும் ஓடாது, பஸ்ஸும் ஓடாது. கிறிஸ்துமஸ் பார்க்கப் போனால் கிறிஸ்துமஸ் அன்று அறையைவிட்டு நடந்துதான் வெளியே வர வேண்டும். "மூடின ஊரைப் பாக்கறதுக்கு அம்மாந்தூரம் எதுக்கு? பந்த் அன்னிக்கு நம்ம பஜார் தெருவுல நின்னா போதாதா?" என்ற தாத்தாவின் கேள்விக்கு ஐரோப்பியச் சுற்றுலாத் துறையினர்தான் விடை சொல்ல வேண்டும்.

துபாயைச் சொன்னவர் சித்தப்பாவின் சகலை. போய் வந்தவர். போய் வந்ததைச் சொல்லிக்கொண்டே இருப்பவர். சகலை பார்த்த ஊரைத் தானும் பார்ப்பதில் என்ன பெருமை என்று சித்தப்பா நினைத்தது இயல்பே. அதை நேரடியாகச் சொல்லாமல் அவர் வேறு காரணம் தேடினார், கிடைத்தது. தாத்தாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலி. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்திருந்தது. இரண்டாம் பக்கத்தில் தகப்பனார் பெயர் இருந்தால் போதும் என்று பிற்பாடு தளர்த்தியதைச் சித்தப்பா குடும்பத்துக்குத் தெரிவிக்கவில்லை.

சிங்கப்பூர் கடைசிவரை நின்று விழுந்தது. காரணம் விசா அல்ல. அங்கே அத்தையின் நாத்தனார் மகள் இருக்கிறாள். அவள் வீட்டில் தங்காமல் ஓட்டலில் தங்கினால் மரியாதைக் குறைவு. தங்கினால், அடுக்குமாடி வீட்டின் ஒரே கூடத்தில் பத்துப் பேருக்கு மேல் பாய் விரிக்க வேண்டும். முறுக்கு, அதிரசம், வடகம், அரைக்கீரை விதை, ஒரு காஞ்சிபுரம் பட்டு என்று கொண்டுபோக வேண்டும். வெளிநாட்டு நகரத்தில் ஓர் உறவினர் இருந்தால் செலவு குறையும் என்ற பரவலான நம்பிக்கைக்கு எங்கள் தரவு முற்றிலும் எதிராக உள்ளது.

கோலாலம்பூர் மட்டும் விழாமல் நின்றது. யாரும் அதைச் சொல்லவே இல்லை என்பதால் யாரும் அதைத் தள்ளவும் இல்லை. மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா கேட்பதில்லை. பத்துமலையில் 42.7 மீட்டர் உயர முருகன் 2006 முதல் நிற்கிறார்; அவர் நிற்பதால் ஆயாவுக்கு அது சுற்றுலா அல்ல, யாத்திரை. படிகள் 272 என்ற செய்தியும் ஆயாவின் முழங்காலும் ஒரே அறையில் சந்திக்காதபடி பார்த்துக்கொண்டோம். தாத்தாவுக்கு வேறு காரணம். 1025-இல் இராஜேந்திர சோழன் படையெடுத்த கடாரம் இன்றைய மலேசியாவின் கெடா மாநிலம். "நம்ம ராஜா போன ஊருப்பா" என்று அவர் உணர்ச்சிவசப்பட்டார். கெடா கோலாலம்பூரிலிருந்து வடக்கே வெகுதூரம் என்பதை அவரிடம் சொல்ல அது தருணமல்ல. இராஜேந்திரன் எத்தனை ஊரைக் கழித்து அந்த ஊரைப் பிடித்தான், வீட்டு மாட்டை யார் பொறுப்பில் விட்டுப் போனான் என்பன மெய்க்கீர்த்தியில் இல்லை.

ஆவணம்

பயணத்தை ரகசியமாக வைத்துக்கொள்வது என்று முதலில் ஒரு தீர்மானம் இருந்தது. கண் படும் என்பது காரணம். பாஸ்போர்ட்டுக்குத் தாம்பரம் சேவை மையத்தில் கைரேகை வைத்து வந்த சில நாளில், விசாரணைக்கு வீட்டு வாசலில் போலீஸ் பைக் நின்றது. ஏட்டு மரியாதையாக உள்ளே வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் எதிர்வீட்டு அம்மா கோலப்பொடிக் கிண்ணத்தோடு வந்துவிட்டார். "இன்னா, போலீசு வந்துட்டுப் போவுது?" வழக்கு ஏதுமில்லை என்று நிரூபிக்க மலேசியாவைச் சொல்ல வேண்டியதாயிற்று. மாலைக்குள் பால் சொசைட்டி வரை தெரிந்துவிட்டது.

பெயர் விஷயம் தமிழர்களுக்கென்றே ஏற்பட்டது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல் உண்டு. பாஸ்போர்ட் விண்ணப்பமோ குடும்பப் பெயர் கேட்கிறது. சித்தப்பாவுக்குத் தாத்தா பெயர் போடப்பட்டது. சித்தப்பாவின் பிள்ளைகளுக்குச் சித்தப்பா பெயர். சித்திக்கு, கல்யாணத்துக்கு முன்பே எடுத்ததால், அவர் தகப்பனார் பெயர். நான்கு பேர் கொண்ட குடும்பத்தில் மூன்று குடும்பப் பெயர். குடியேற்ற அதிகாரி முன் இவர்கள் வரிசையாகப் போய் நிற்கும்போது, ஒரே வீட்டுக்காரர்கள் என்பதற்கு ஒரே சான்று, அவர்கள் ஒருவரோடொருவர் போட்டுக்கொண்டிருக்கும் சண்டை.

மாடும் மூட்டையும்

தோட்ட வாரியம், ஏரி வாரியம், பொன் வாரியம் என்று சபையார் வேலையைப் பிரித்து வைத்திருந்தார்கள். மாட்டு வாரியம் வைக்கவில்லை. எங்கள் வீட்டில் இரண்டு கறவை மாடு. காலையும் மாலையும் கறக்க வேண்டும். ஆள் மாறினால் ஒன்று உதைக்கும், இன்னொன்று பாலை அடக்கிக்கொள்ளும். உறவினரை நம்பி விடலாம் என்றால் எல்லா உறவினரும் விமானத்தில். இந்தக் கட்டத்தில்தான், கடாரத்துக்காக இவ்வளவு வாதாடிய தாத்தா, "நீங்க போயிட்டு வாங்க, நான் மாட்டைப் பாத்துக்கறேன். ஏரியும் ரொம்பி நிக்குது" என்றார். ஒரு ஊரை எல்லாரையும் ஏற்கவைக்கும் அளவுக்குப் பேசியவர் அந்த ஊருக்குப் போகாமலிருப்பது எங்கள் வீட்டு ஆவணங்களில் இது முதல் தடவை அல்ல. பெரியம்மா தாமும் தங்குவதாகச் சொல்லிப் பார்த்தார். அவருடைய டிக்கெட் பணம் திரும்ப வராது என்று சித்தப்பா சொல்லிவிட்டார்.

மூட்டை கட்டுதல் நெல் மூட்டை நிறுக்கும் கொக்கித் தராசில் நடந்தது. பெட்டியைத் தொங்கவிட்டு இரண்டு பேர் தூக்க, ஒருவர் முள்ளைப் படித்தார். காஞ்சிபுரம் இட்லி மிளகு, சீரகம், சுக்கு போட்டு வேகவைத்தது. கெடாது என்பதால் அனுமதி. இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல் பெட்டியில். ஊறுகாய் பாட்டில் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் ஆகாது என்பதால் அதுவும் பெட்டிக்கு மாறியது. கொப்பரைத் தேங்காயை வெளியே எடுக்கச் சொன்னோம். எண்ணெய்ப் பசையால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு என்று சர்வதேச விமான விதிகள் அதை வகைப்படுத்தியிருக்கின்றன. "எங்க அம்மா காலத்துலருந்து அடுப்பு மேலயே கெடக்குது. ஒரு நாளும் பத்திக்கல" என்று ஆயா சர்வதேச விதிகளை மறுத்தார். கழுத்து நகையைப் போட்டுக்கொண்டு போனால், திரும்பும்போது இங்கிருந்து கொண்டுபோனதுதான் என்று காட்ட, புறப்படும்போதே சுங்கத்தில் சான்று வாங்கலாம் என்று ஆய்வாளர் தெரிவித்தார். பொன் வாரியம் கூடி, கவரிங் போதும் என்று தீர்மானித்தது.

விமானம் நள்ளிரவில். விமான நிலையம் செங்கல்பட்டு வழியாகச் சுமார் 70 கிலோமீட்டர். பரனூர் டோலில் கிறிஸ்துமஸ் கூட்டம் இருக்கும் என்று மத்தியானம் இரண்டு மணிக்கே வேன் வந்து நின்றது. ஆறு மணிக்கெல்லாம் எல்லாரும் மீனம்பாக்கத்தில் பெட்டிமேல் உட்கார்ந்து காஞ்சிபுரம் இட்லியைப் பிரித்துவிட்டார்கள். கோலாலம்பூருக்கு ஒரு இட்லியும் போய்ச் சேரவில்லை.

பரிந்துரைகள்

இத்துறையில் இறங்க எண்ணும் குடும்பங்களுக்குச் சில சொற்கள். ஊரைக் கேட்டு முடிவு செய்ய முயலாதீர்கள். திரும்பி வரும் தேதியை ஆயாவிடம் கேளுங்கள், மற்றவை அதற்குள் அடங்கும். பழைய சுற்றுலாவின் கணக்கை முடித்துவிட்டுப் புதியதைப் பேசுங்கள். முடியாதென்றால் பழையதைப் பற்றி யாரும் வாய் திறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சீட்டெழுதும்போது பெரியம்மா என்ன எழுதுகிறார் என்று முன்னதாகவே கேட்டு, முடிந்தால் அதைச் செய்து கொடுங்கள். மாடு கறக்க ஆளை ஐப்பசியிலேயே பேசி வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டுகளை எடுத்துத் தேதி பாருங்கள். மலேசியாவானாலும் சிங்கப்பூரானாலும், போய் இறங்கும் நாளில் இன்னும் ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும். பெரியவர்களுடையது பத்து ஆண்டு செல்லும். பிள்ளைகளுடையது ஐந்தே ஆண்டு. எடுத்தது நேற்றுபோல இருக்கும், முடிந்துபோயிருக்கும்.